கேன்சஸின் கிரஹாம் கவுண்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரஹாம் கவுண்டி எங்கே இருக்கிறது?

அமெரிக்காவின் நடுப்பகுதியில் உள்ள கேன்சஸ் மாநிலத்தின் வடமேற்கில். மாநிலத்தில் மொத்தம் 105 கவுண்டிகள்; அவற்றில் இதுவும் ஒன்று. பரப்பளவு சுமார் 899 சதுர மைல், அதாவது ஏறக்குறைய 2,300 சதுர கிலோமீட்டர். வரைபடத்தில் பார்த்தால் பக்கத்துக்கு 30 மைல் உள்ள சதுரம். தலைநகர் ஹில் சிட்டி. அது தவிர போக், மோர்லாண்ட் என்று இரண்டு சிற்றூர்களுக்கு நகராட்சி அந்தஸ்து உண்டு. நிக்கோடமஸ், பெனோக்கி, செயின்ட் பீட்டர் போன்ற குடியிருப்புகளுக்கு அது கிடையாது.

தெற்கு சாலமன் ஆறு மேற்கிலிருந்து கிழக்காகக் கவுண்டியின் நடுவே ஓடுகிறது. ஊர்கள் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் அமைந்திருக்கின்றன.

மக்கள்தொகை எவ்வளவு?

2020 கணக்கெடுப்பின்படி 2,415 பேர். சதுர மைலுக்கு மூன்று பேர்கூட இல்லை. அவர்களில் பாதிக்கு மேல் ஹில் சிட்டியிலேயே வசிக்கிறார்கள் என்பதால், அந்த ஊரைத் தாண்டிவிட்டால் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் வெறும் வயல்தான்.

1910ல் இதே கவுண்டியில் 8,700 பேர் இருந்தார்கள். அந்த எண்ணிக்கை ஏன் இப்படிச் சரிந்தது என்பது கீழே வருகிறது.

கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரியா?

ஓரளவுக்கு. ஆனால் மேலிருந்து அனுப்பப்படும் ஆட்சியர் இங்கே இல்லை. மூன்று கமிஷனர்கள் கொண்ட குழு நிர்வாகம் செய்கிறது. ஷெரிஃப், கவுண்டி எழுத்தர், பொருளாளர், பத்திரப் பதிவாளர், அரசு வழக்கறிஞர் எல்லோரையும் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். சாலை போடுவது, நில வரி வசூலிப்பது, பத்திரம் பதிவது, குற்றவாளியைப் பிடிப்பது என்று அன்றாட அரசாங்கம் முழுவதும் இந்த மட்டத்தில்தான் நடக்கிறது. அதனால்தான் எந்த ஊர் கவுண்டியின் தலைநகர் என்பதற்காக 19ஆம் நூற்றாண்டில் ஊர்களுக்குள் அவ்வளவு கடும் போட்டி நடந்தது. நீதிமன்றம் வந்தால் வழக்கறிஞர் வருவார், பத்திரிகை வரும், விடுதி வரும். வராத ஊர் கொஞ்ச காலத்தில் வயலாகிவிடும்.

பெயர் எப்படி வந்தது?

உள்நாட்டுப் போரில் கேன்சஸின் 8ஆவது காலாட்படையில் பணியாற்றிய கேப்டன் ஜான் எல். கிரஹாம், 1863ல் சிக்கமாகா போரில் உயிரிழந்தார். அவர் நினைவாக வைத்த பெயர். மேற்குக் கேன்சஸில் பல கவுண்டிகளுக்கு இப்படிப் போரில் இறந்த வீரர்களின் பெயர்தான். 1867ல் எல்லை வரையப்பட்டது. 1880ல்தான் நிர்வாகம் தொடங்கியது. அந்தப் பதின்மூன்று ஆண்டுகளும் கிரஹாம் கவுண்டி காகிதத்தில் மட்டுமே இருந்தது.

அதற்கு முன் இங்கே யாரும் இல்லையா?

இருந்தார்கள். "ஆளில்லாத நிலம்" என்று குடியேற்ற விளம்பரங்கள் எழுதியதை நம்ப வேண்டாம். பவ்னி மக்கள் இந்த ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் காட்டெருமை வேட்டையாடினார்கள். பிறகு ஷையன், அரபாஹோ மக்களின் வேட்டை நிலமாக இருந்தது. 1867ல் மெடிசின் லாட்ஜ் உடன்படிக்கையின் மூலம் ஷையன், அரபாஹோ மக்கள் தெற்கே, இன்றைய ஓக்லஹோமா பக்கம் தள்ளப்பட்டார்கள். அதே ஆண்டில்தான் கவுண்டியின் எல்லைக்கோடும் வரையப்பட்டது. அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் தோலுக்காகக் காட்டெருமைகள் கூட்டம் கூட்டமாகச் சுடப்பட்டு அழிந்தன. முதலில் வந்த குடியேறிகளுக்குக் கையில் காசு பார்க்க இருந்த வழிகளில் ஒன்று, புல்வெளியில் சிதறிக் கிடந்த அந்த எலும்புகளைப் பொறுக்கி உரத் தொழிற்சாலைகளுக்கு விற்பது.

நிலத்தை எப்படிப் பிரித்தார்கள்? சாலைகள் ஏன் கட்டம் போட்ட மாதிரி இருக்கின்றன?

அளவைக்காரர்கள் முதலில் வந்தார்கள், உழவர்கள் பிறகு வந்தார்கள். ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப். அதற்குள் ஒரு மைல் சதுரமாக 36 செக்‌ஷன்கள். ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர். அதில் கால் பங்கு 160 ஏக்கர். 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி, ஒரு குடும்பம் சிறு கட்டணம் கட்டி அந்த 160 ஏக்கரைப் பதிவு செய்து, ஐந்து ஆண்டுகள் அங்கே வசித்து, உழுது காட்டினால் நிலம் அவர்களுக்குச் சொந்தம். சாலைகள் செக்‌ஷன் எல்லைகளின்மேல் போடப்பட்டவை. அதனால்தான் விமானத்திலிருந்து பார்த்தால் மைலுக்கு ஒரு கோடு தெரிகிறது.

160 ஏக்கர் என்பது நல்ல மழை பெய்யும் கிழக்கு மாநிலங்களை மனதில் வைத்து முடிவு செய்த அளவு. கிரஹாம் கவுண்டியின் மேற்குப் பகுதி வழியாக 100ஆவது தீர்க்கரேகை போகிறது. அமெரிக்காவில் ஈரமான கிழக்கையும் வறண்ட மேற்கையும் பிரிக்கும் கோடாக அதைச் சொல்வார்கள். அங்கே ஆண்டு மழை சுமார் 20 அங்குலம். ஒரு வருஷம் நன்றாகப் பெய்யும், அடுத்த இரண்டு வருஷம் ஏமாற்றும். இந்தக் கவுண்டியில் பின்னால் நடந்த பலவற்றுக்கும் வேர் இங்கேதான். வாஷிங்டனில் முடிவான அளவுக்கும் வானம் கொடுத்த மழைக்கும் பொருந்தவே இல்லை.

நிக்கோடமஸ் பற்றி அதிகம் பேசுகிறார்களே, ஏன்?

கிரஹாம் கவுண்டியின் கதையை நிக்கோடமஸிலிருந்துதான் தொடங்க வேண்டும். பல சுற்றுலாக் கையேடுகள் அதை ஓரத்தில் ஒரு சுவாரஸ்யமான துணுக்காகப் போடுகின்றன. கவுண்டி நிர்வாகம் தொடங்குவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே கறுப்பின மக்கள் குடியேறிய ஊர் அது. கவுண்டி நிர்வாகத்தைத் தொடங்கி வைத்தவர்களிலும் அந்த ஊர்க்காரர் உண்டு.

1865ல் அடிமை முறை ஒழிந்தது. தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்கு ஓட்டும் பாதுகாப்பும் தந்த புனரமைப்புக் காலம் 1877ல் முடிந்தது. அதோடு மத்திய அரசின் காவலும் விலகியது. சொந்த நிலம் வேண்டும், அதுவும் எசமானர்களின் கை எட்டாத இடத்தில் வேண்டும் என்று நினைத்தவர்களுக்குக் கேன்சஸ் நம்பிக்கை தந்தது. அடிமை முறையை எதிர்த்து ரத்தம் சிந்திய மாநிலம் என்ற பெயர் அதற்கு இருந்தது. அந்த 1877ல் டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளையின நில வணிகரும், டபிள்யூ. எச். ஸ்மித் என்ற கறுப்பினப் போதகர் உள்ளிட்ட சிலரும் சேர்ந்து நிக்கோடமஸ் என்ற ஊரை உருவாக்க ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். கென்டக்கி மாநிலத்தில் துண்டறிக்கைகள் பரவின. செப்டம்பரில் அங்கிருந்து 300க்கும் மேற்பட்டவர்கள் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார்கள்.

ரயில் எல்லிஸ் என்ற ஊர் வரைக்கும்தான். அங்கிருந்து வடக்கே 30 மைலுக்கு மேல் வண்டியிலும் கால்நடையாகவும் வரவேண்டும்.

வந்தவர்கள் என்ன பார்த்தார்கள்?

ஊரே இல்லை. 1878 வசந்தத்தில் கணவரோடும் பிள்ளைகளோடும் வந்த வில்லியானா ஹிக்மன், பல ஆண்டுகள் கழித்து அந்த நாளை நினைவுகூர்ந்தார். கூட வந்த ஆண்கள் "அதோ நிக்கோடமஸ்" என்று உற்சாகமாகக் கத்தினார்களாம். அவர் எங்கே பார்த்தும் வீடு தெரியவில்லை. தரையிலிருந்து புகை எழுவது மட்டும் தெரிந்தது. மக்கள் பூமிக்குள் குழி தோண்டிக் குடியிருக்கிறார்கள் என்று புரிந்ததும் அழுதுவிட்டார்.

மரமே இல்லாத நாட்டில் பலகைக்கு எங்கே போவது? ஆற்றங்கரைச் சரிவிலோ மேட்டிலோ மண்ணைக் குடைந்து ஓர் அறை தோண்டுவார்கள். முகப்பை மட்டும் புல்வேரோடு வெட்டிய மண்கட்டிகளால் அடைத்து, மேலே கழியும் புல்லும் மண்ணும் போட்டு மூடுவார்கள். இந்தப் புல்லின் வேர் அவ்வளவு அடர்த்தி. கலப்பையால் பட்டை பட்டையாகப் புரட்டி, மண்வெட்டியால் துண்டாக்கினால், செங்கல் மாதிரி அடுக்கலாம், உதிராது. கோடையில் குளிர்ச்சியாகவும் குளிர்காலத்தில் கதகதப்பாகவும் இருக்கும். ஆனால் மழை பெய்தால் கூரை ஒழுகும், மழை நின்ற பிறகும் சேறாகச் சொட்டிக்கொண்டிருக்கும். பாம்பும் எலியும் சுவரிலிருந்து எட்டிப் பார்க்கும்.

சில குடும்பங்கள் மறுநாளே திரும்பிவிட்டன. ஏமாற்றிவிட்டார் என்று ஹில் மீது கொந்தளித்தவர்களும் இருந்தார்கள். மிச்சமிருந்தவர்களிடம் மாடு, குதிரை எல்லாம் ஒரு சிலருக்கே. மற்றவர்கள் மண்வெட்டியாலும் கொத்தாலும் புல்வெளியைத் திறந்தார்கள். முதல் குளிர்காலத்தில் உணவு தீர்ந்தபோது, வேட்டை முடித்துத் திரும்பிய ஓசேஜ் பூர்வகுடி மக்கள் இறைச்சி கொடுத்து உதவினார்கள் என்று நிக்கோடமஸ் குடும்பங்கள் இன்றும் சொல்லி வருகின்றன. ஊரின் முதல் பள்ளியும் இப்படி ஒரு குழிவீட்டில்தான் நடந்தது. பாடம் சொல்லித் தந்தவர் ஜென்னி ஸ்மித் ஃப்ளெட்சர்.

எட்வர்ட் மெக்கேப் யார்?

நிக்கோடமஸில் குடியேறி, நிலம் தேடி வந்தவர்களுக்கு ஆலோசனையும் பத்திர வேலையும் செய்து கொடுத்த இளைஞர். 1880ல் கவுண்டி அமைந்தபோது ஆளுநர் ஜான் செயின்ட் ஜான் அவரைத் தற்காலிக கவுண்டி எழுத்தராக நியமித்தார். அடுத்த ஆண்டு தேர்தலில் நின்று அதே பதவிக்கு வந்தார். 1882ல் கேன்சஸ் மாநிலத்தின் தணிக்கையாளராகத் தேர்வானார். 1884ல் மறுபடியும் ஜெயித்தார். தெற்கில் கறுப்பின மக்களின் ஓட்டைப் பறித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், வெள்ளையர் பெரும்பான்மையாக இருந்த ஒரு மாநிலம் முழுவதும் ஓட்டுப் போட்டு ஒரு கறுப்பினத்தவரை இந்தப் பதவிக்கு அனுப்பியது. பின்னர் அவர் ஓக்லஹோமா போய் லாங்ஸ்டன் நகரம் உருவாகக் காரணமானவர்களில் ஒருவரானார்.

அப்படியென்றால் நிக்கோடமஸ் ஏன் தலைநகர் ஆகவில்லை? ஏன் வளரவில்லை?

தலைநகர் பதவி முதலில் மில்புரூக் என்ற ஊருக்குப் போனது. 1887ல் ஒரு சூறாவளி அந்த ஊரைத் துடைத்தெடுத்துவிட்டது. 1888ல் ஹில் சிட்டி தலைநகரானது. மேலே சொன்ன அதே ஹில் நிறுவிய ஊர்தான் அது, பெயரும் அவருடையதே.

நிக்கோடமஸ் 1880களின் நடுவில் நன்றாகவே இருந்தது. தேவாலயங்கள், கடைகள், ஃப்ளெட்சர் குடும்பம் நடத்திய செயின்ட் பிரான்சிஸ் விடுதி, "வெஸ்டர்ன் சைக்ளோன்", "நிக்கோடமஸ் என்டர்பிரைஸ்" என்று இரண்டு செய்தித்தாள்கள். கடைக்காரர்களில் வெள்ளையர்களும் உண்டு. எல்லோரும் எதிர்பார்த்தது ரயிலைத்தான். மிசௌரி பசிபிக் நிறுவனத்தை வரவழைக்க 16,000 டாலர் கடன்பத்திரம் வெளியிட 1887ல் ஊர் மக்கள் ஓட்டளித்தார்கள். அது வரவில்லை. அப்புறம் யூனியன் பசிபிக் வந்தது, ஆனால் ஆற்றுக்குத் தெற்கே, சில மைல் தள்ளிப் பாதை போட்டது. பாதை போட்டவர்களின் முகாம் போக் என்ற ஊரானது. நிக்கோடமஸ் வணிகர்கள் கடையை மூடி, சிலர் கட்டடத்தையே பெயர்த்துக்கொண்டு அங்கே போனார்கள்.

கறுப்பின மக்களின் குடியேற்றம் "தோற்றுப்போனது" என்று சிலர் எழுதுவதைப் படிக்கும்போது கோபம்தான் வருகிறது. மண்வெட்டியால் உழுது, பள்ளி நடத்தி, தேர்தலில் ஜெயித்து, கடன்பத்திரத்துக்கும் ஓட்டுப் போட்ட ஊர் வேறென்ன செய்திருக்க வேண்டும்? ரயில் பாதை எங்கே போக வேண்டும் என்பது அவர்கள் கையில் இல்லை. வெள்ளையர்கள் நிறுவிய எத்தனையோ ஊர்களும் இதே காரணத்தால் மேற்குக் கேன்சஸ் முழுவதும் சுவடில்லாமல் போயின. நிக்கோடமஸோ இன்றும் இருக்கிறது.

வேறு யார் யார் குடியேறினார்கள்?

பெரும்பாலானோர் கிழக்கு மாநிலங்களிலிருந்து வந்த வெள்ளையர்கள். உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட முன்னாள் வீரர்களும் அவர்களில் உண்டு. தெற்கே எல்லிஸ் கவுண்டியில் 1876 முதல் ரஷ்யாவின் வோல்கா நதிக்கரை ஜெர்மானியர்கள் குடியேறினார்கள். அந்தக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சில வடக்கே நகர்ந்து உருவாக்கியதுதான் செயின்ட் பீட்டர். இன்றைய மக்கள்தொகையில் மிகப் பெரும்பான்மை வெள்ளையர்கள். கறுப்பின மக்கள் சிறு பங்கு.

என்ன விளைகிறது?

குளிர்காலக் கோதுமைதான் முக்கியம். செப்டம்பர், அக்டோபரில் விதைப்பார்கள். முளைவிட்டு, பனியில் உறங்கி, வசந்தத்தில் எழுந்து, ஜூன் கடைசியில் அறுவடைக்கு வரும். இந்த வகைக் கோதுமையில் பேர்போன "டர்க்கி ரெட்", 1870களில் ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவினரோடு கேன்சஸுக்கு வந்தது. வெள்ளைச்சோளம் போன்ற தீவனச் சோளமும் மக்காச்சோளமும் பயிராகின்றன. உழாத மேடுகளில் மாடுகள் மேய்கின்றன. மழை குறைவு என்பதால் ஒரு வயலை ஒரு பருவம் தரிசாகப் போட்டு, மண்ணில் ஈரம் சேர்த்து, அடுத்த பருவம் விதைக்கும் வழக்கம் நீண்ட காலமாக உண்டு.

நிலத்தடியில் ஓகல்லாலா நீர்த்தேக்கத்தின் கிழக்கு விளிம்பு இந்தக் கவுண்டியைத் தொடுகிறது. விளிம்பு என்பதால் நீர் அடுக்கு மெல்லியது. இறைத்த அளவுக்கு ஊறுவதில்லை. மேற்கே உள்ள கவுண்டிகளைப் போல எங்கு பார்த்தாலும் சுழலும் குழாய்கள் நீர் தெளிக்கும் பாசன வட்டங்கள் இங்கே கிடையாது, மானாவாரிதான் அதிகம்.

எண்ணெய் இருக்கிறதாமே?

ஆமாம். 1930களின் பிற்பகுதியில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. புழுதிப்புயலும் பொருளாதார மந்தமும் சேர்ந்து உழவர்களைக் கசக்கிய பத்தாண்டின் கடைசியில் அது வந்தது. நிலத்தடி உரிமையை விற்காமல் வைத்திருந்த குடும்பங்களுக்குக் கிணற்றிலிருந்து ஒரு பங்கு கிடைத்தது. 1950ல் 5,020 ஆக இருந்த மக்கள்தொகை 1960ல் 5,586 ஆக ஏறியதற்கு எண்ணெய் வேலைகள் பெரிய காரணம். கோதுமை வயலின் நடுவே தலையாட்டிக்கொண்டிருக்கும் பம்புகளை இன்றும் பார்க்கலாம். விலை சரிந்தால் அவை நின்றுவிடும், ஹில் சிட்டி கடைத்தெருவில் அந்த வாரமே அது தெரியும்.

மக்கள் ஏன் குறைந்துகொண்டே போகிறார்கள்?

ஒரே காரணம் சொல்ல முடியாது. ஆனால் கணக்கு எளிது. குதிரை பூட்டி 160 ஏக்கர் உழுத குடும்பம், டிராக்டர் வந்ததும் அதைப்போலப் பல மடங்கு உழ முடிந்தது. வறட்சியில் ஒருவர் விற்றார், பக்கத்துக்காரர் வாங்கினார். இன்று கோதுமையை நம்பிப் பிழைக்க ஆயிரக்கணக்கான ஏக்கர் வேண்டும். ஒரு செக்‌ஷனில் நான்கு குடும்பங்கள் இருந்த இடத்தில், பல செக்‌ஷன்களுக்கு ஒரு குடும்பம். பிள்ளைகள் குறைந்தால் பள்ளி மூடும், பள்ளி மூடினால் இளம் பெற்றோர் வரமாட்டார்கள். நிக்கோடமஸில் தபால் நிலையம் 1953லும் பள்ளி 1960லும் மூடின. இப்போது அங்கே நிரந்தரமாக இருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

புழுதிப்புயல் காலத்தையும் விட்டுவிட முடியாது. 1930ல் 7,772 பேர், 1940ல் 6,071. ஆழமான வேர்ப்பின்னலை உடைத்துக் கோதுமை விதைத்த மண், மழை பொய்த்ததும் காற்றில் எழுந்து போனது. அதே வேரைத்தான் முதல் தலைமுறை சுவராக அடுக்கி வீடு கட்டியது.

வெயில் கடுமையா?

மிகவும். 2012 ஜூன் இறுதியில் ஹில் சிட்டியில் 115 டிகிரி ஃபாரன்ஹீட் பதிவானது. அதாவது 46 டிகிரி செல்சியஸ். அந்த வாரத்தில் நாட்டிலேயே மிக வெப்பமான இடமாகத் தொடர்ந்து சில நாட்கள் செய்தியில் வந்தது. குளிர்காலத்தில் பனிப்புயல். நடுவில் ஆலங்கட்டி மழையும் சூறாவளியும். அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கும்போது பெய்யும் ஆலங்கட்டியைத்தான் உழவர்கள் எல்லாவற்றையும்விட அதிகம் அஞ்சுகிறார்கள்.

இங்கிருந்து பேர்பெற்றவர்கள் உண்டா?

நிக்கோடமஸில் பிறந்த வெரில் ஸ்விட்ஸர். கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடி, 1954ல் கிரீன் பே பேக்கர்ஸ் என்ற தொழில்முறை அணியால் முதல் சுற்றிலேயே தேர்வு செய்யப்பட்டார். பிறகு அதே பல்கலைக்கழகத்தில் நிர்வாகியாகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். நிக்கோடமஸ் நிலத்தை அவர் கைவிடவில்லை; விவசாயமும் தொடர்ந்தது. 2022ல் காலமானார்.

பார்க்கப் போனால் என்ன பார்க்கலாம்? எப்போது போகலாம்?

நிக்கோடமஸ் 1996ல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது. தேசியப் பூங்காத் துறை பராமரிக்கிறது. ஐந்து கட்டடங்கள் முக்கியம்: செயின்ட் பிரான்சிஸ் விடுதி, ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் தேவாலயம், முதலாம் பாப்டிஸ்ட் தேவாலயம், 1918ல் கட்டிய பள்ளி, 1939ல் அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தில் உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல்லால் எழுந்த டவுன்ஷிப் மண்டபம். ஹில் சிட்டியிலிருந்து 24ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே சுமார் 12 மைல்.

ஜூலை கடைசி வார இறுதியில் போக முடிந்தால் நல்லது. அடிமை விடுதலையைக் கொண்டாடும் ஆகஸ்ட் முதல் தேதி விழாவிலிருந்து வளர்ந்த "ஊர் திரும்பும்" விழா அப்போதுதான். டென்வர், கேன்சஸ் சிட்டி, கலிபோர்னியா என்று பிரிந்துபோன குடும்பங்களின் நூற்றுக்கணக்கான வழித்தோன்றல்கள் வருவார்கள். ஊர்வலம், விருந்து, வழிபாடு எல்லாம் உண்டு. வெளியாட்களையும் வரவேற்கிறார்கள். நிக்கோடமஸில் கடை, பெட்ரோல் பங்க் எதையும் நம்பிப் போக வேண்டாம். ஹில் சிட்டியிலேயே வண்டிக்கு எரிபொருளும் கையில் தண்ணீரும் நிரப்பிக்கொள்ளுங்கள்.